வீல் மாற்றிய பின் ஒரு சக்கரத்தில் மட்டும் நட்டுகள் தளர்கின்றன – காரணம் என்ன?

கேள்வி:
வணக்கம். கோடைக்கால டயர்களைக் கழற்றிவிட்டு, குளிர்கால டயர் பூட்டிய இரும்பு வீல்களை மாட்டினேன். வண்டியின் கையேட்டில் வீல் நட்டுகளுக்கான முறுக்கு விசை 110 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. டார்க் ரெஞ்சில் (வைத்த முறுக்கு விசை வந்ததும் கிளிக் சத்தம் தரும் ஸ்பேனர்) அதே அளவை வைத்து, கிளிக் சத்தம் வரும்வரை முறுக்கினேன். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சரிபார்த்தபோது மூன்று வீல்களில் நட்டுகள் அசையவே இல்லை. இடது பின் வீலில் மட்டும் ஐந்து நட்டுகளும் ஏறக்குறைய கால் சுற்று திரும்பிய பிறகே கிளிக் வந்தது. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால் மனம் பதறுகிறது. மரை தேய்ந்துவிட்டதா? மரையில் எண்ணெய் விட்டு முறுக்கினால் நன்றாகப் பிடிக்குமா?

பதில் 1:
எண்ணெய் விடவே விடாதீர்கள். நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் பத்தில் ஒரு பங்கு அளவே போல்ட்டை இழுத்து வீலை அழுத்திப் பிடிக்கிறது. மீதியெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகப் போய்விடும். 110 என்ற அளவு உலர்ந்த மரையை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே கிளிக் வரும்போது போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். கையேடே எண்ணெய் விடச் சொன்னால் மட்டும் விடலாம்.

பதில் 2:
மரை கெட்டிருந்தால் ஒன்றிரண்டு நட்டுகளில்தான் தெரியும். ஐந்தும் ஒரே அளவு தளர்ந்திருக்கின்றன என்றால் வீலுக்கும் ஹப்புக்கும் (வண்டியில் வீல் பொருந்தி உட்காரும் பகுதி) நடுவே ஏதோ இருந்து, ஓட ஓட நசுங்கியிருக்கிறது. துரு, மண், தடித்த பெயின்ட், இவற்றில் ஒன்றாக இருக்கலாம். வீலைக் கழற்றிப் பார்க்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். இன்னொன்று: அலாய் வீலுக்கு வந்த நட்டுகளையே இரும்பு வீலுக்கும் போட்டீர்களா? சில வண்டிகளில் ஒன்றுக்குக் கூம்பு முகம், மற்றதற்கு உருண்டை முகம். மாறிப்போனால் நட் குழியில் முழுதாக உட்காராது. கிளிக் மட்டும் சரியாக வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு வகை வீலுக்கும் ஒரே கூம்பு நட்டுதான், கையேட்டில் பார்த்துவிட்டேன். நாளை கழற்றிப் பார்க்கிறேன்.

பதில் 3:
டார்க் ரெஞ்செல்லாம் தேவையில்லை. ஸ்பேனரில் ஏறி மிதித்தால் போதும். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில் 2 எழுதியவர்:
ஐயா, கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் அரை மீட்டர் ஸ்பேனரின் நுனியில் நின்றால் 340 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகிறது. இந்த வண்டிக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்கு. ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) நீண்டு பலவீனமாகும், பிரேக் டிஸ்க் கோணிப் போகக்கூடும். வழியில் பஞ்சரானால் வண்டியில் இருக்கும் சின்ன ஸ்பேனரால் அந்த நட்டைக் கழற்றவும் முடியாது. தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
கழற்றினேன். ஹப்பின் நடு விளிம்பைச் சுற்றித் துரு பொருக்காகப் படிந்திருந்தது. வீலின் உட்புறத்தில் ஒரு பக்கம் மட்டுமே உராய்ந்து பளபளக்கிறது. மறுபக்கம் ஹப்பைத் தொட்ட தடமே இல்லை. கம்பி பிரஷால் இரண்டையும் சுத்தமாகத் தேய்த்துவிட்டேன். மறுபடி மாட்டும்போது எந்த வரிசையில் முறுக்குவது?

பதில் 1 எழுதியவர்:
முதலில் எல்லா நட்டுகளையும் விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத நட் மரை மாறி ஏறுகிறது என்று பொருள், உடனே கழற்றிவிடுங்கள். பிறகு வீல் தொங்கும் நிலையிலேயே ஸ்பேனரால் லேசாக, ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வடிவில் இறுக்குங்கள். அப்போதுதான் வீல் நடுவில் நேராக உட்காரும். ஜாக்கியை இறக்கி, டயர் தரையைத் தொட்டுச் சுற்றாமல் நிற்கும் நிலையில் அதே வரிசையில் முதல் சுற்று 60, அடுத்த சுற்று 110. கிளிக் வந்ததும் நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னொரு முறை இழுத்தால் அளவு கூடிவிடும். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள், வீல் ஆறிய பிறகு, திரும்பவும் பாருங்கள்.

பதில் 2 எழுதியவர்:
மாட்டும் முன் அந்த வீலின் நட் துளைகளையும் பாருங்கள். தளர்ந்த நிலையில் ஓடியிருந்தால் துளை நீள்வட்டமாகியிருக்கும், கூம்புக் குழியில் உலோகம் சுரண்டுப்பட்டிருக்கும். அப்படியானால் அந்த வீலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

கேள்வி கேட்டவர்:
துளைகள் ஐந்தும் வட்டமாகவே இருக்கின்றன, குழிகளும் வழவழப்பாக உள்ளன. நீங்கள் சொன்ன வரிசையில் மாட்டி, ஓட்டிவிட்டு இன்று சரிபார்த்தேன். ஒரு நட்டும் அசையவில்லை, தொட்டதும் கிளிக். மற்ற மூன்று ஹப்புகளையும் இந்த வாரமே கழற்றித் தேய்த்துவிடுகிறேன். மிக்க நன்றி.