புதுப்பிப்பு: கந்தளாய்க் குளக்கரைத் தும்பிகள்

திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கரையில் அண்மைப் படமெடுக்கும்போது, தும்பியின் தலை தெளிவாக விழுந்தால் வால் மங்குகிறது, நெருங்கினால் அது பறந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். நண்பர்கள் தந்த யோசனைகளைச் செய்து பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

அதிகம் பலன் தந்தது, கமராவைத் தும்பியின் உடலுக்கு இணையாகப் பிடிப்பதுதான். அண்மைப் படத்தில் தெளிவு விழும் ஆழம் சில மில்லிமீற்றர்களே என்பதால், லென்ஸின் துளையை எவ்வளவு சுருக்கினாலும் சரிந்த கோணத்தில் முழு உடலும் தெளிவாக விழாது. பக்கவாட்டில் தாழ்ந்து அமர்ந்து, தலையும் வால்நுனியும் ஒரே தொலைவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் துளையின் அளவு எஃப் 8 அல்லது எஃப் 11 போதுமானது.

துரத்திச் செல்லவே வேண்டியதில்லை. குச்சியில் அமரும் தும்பிகளில் பல, இரைக்காக எழுந்தாலும் மீண்டும் அதே குச்சிக்குத் திரும்புகின்றன. அதன்மேல் குவியத்தை நிறுத்திக் காத்திருக்கலாம். விடிகாலையில், உடல் சூடேறும் முன், அவை எளிதில் பறப்பதுமில்லை. உச்சி வெயிலில் சில இனங்கள் வாலைச் சூரியனை நோக்கி நிமிர்த்தி, உடலில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. திருகோணமலை வெயிலைப் பொறுத்துக்கொண்டு எடுக்கத்தக்க காட்சி அது.

பூச்சியைக் குளிரூட்டி அசையாமல் செய்து படமெடுக்கும் யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. தன் இடத்தில் தன் இயல்போடு இருக்கும் தும்பியே எனக்கு வேண்டும்.