ஷெவர்லே 350 பிளாக்கில் 400 கிராங்க்: ராடு நீளத்தால் ஸ்ட்ரோக் கூடுமா?

கேள்வி: 350 கன இன்ச் வி8 இன்ஜின் பிளாக்கின் சிலிண்டர்களை 0.030 இன்ச் அகலமாகக் கடைந்து, 400 கன இன்ச் இன்ஜினின் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போட்டு 383 கன இன்ச் ஆக்குகிறேன். 6 இன்ச் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) போட்டால் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம்) கூடுமா?

பதில்: ராடுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் சம்பந்தமே இல்லை சார். கிராங்கின் மெயின் ஜர்னல் (பிளாக்கில் அமரும் உருளைப் பகுதி) மையத்திலிருந்து ராடு ஜர்னல் (ராடு மாட்டும் பகுதி) மையம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் இரண்டு மடங்குதான் ஸ்ட்ரோக். 350-க்கு 3.48 இன்ச், 400-க்கு 3.75. நீள ராடு பிஸ்டனை மேலே தள்ளும், அவ்வளவே.

டெக் உயரம், அதாவது கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல் முகம் வரை, 9.025 இன்ச். அதில் அரை ஸ்ட்ரோக் 1.875, ராடு 5.7 கழித்தால் மிச்சம் 1.45. பிஸ்டன் பின் (ராடை பிஸ்டனில் மாட்டும் ஊசி) மையத்திலிருந்து பிஸ்டன் தலைவரை இவ்வளவுதான் இடம். 350-இன் பிஸ்டனில் இந்த அளவு 1.56, அப்படியே மாட்டினால் டெக்குக்கு மேலே 0.11 நீட்டி ஹெட்டில் இடிக்கும். 1.425 பிஸ்டன் வாங்குங்கள்.

400 கிராங்கின் மெயின் ஜர்னல் 2.65, உங்கள் பிளாக்குக்கு 2.45. ஜர்னலைக் கடைந்தே ஆகவேண்டும். டாம்பர் (கிராங்கின் முன்முனையில் அதிர்வு அடக்கும் சக்கரம்), ஃப்ளெக்ஸ்பிளேட் (பின்முனைத் தட்டு) இரண்டும் 400-க்கு உரியதாக இருக்கட்டும். வெளி பேலன்ஸ் அது, அதாவது சமன் எடையில் ஒரு பகுதி இவ்விரண்டில் இருக்கும்; மறந்தால் அதிர்ந்தே பேரிங் போய்விடும். ராடு போல்ட் தலை ஆயில் பான் ஓரத்திலும் கேம் லோபிலும் (வால்வைத் திறக்கும் கேம் தண்டின் மேடு) உரசும். 0.060 இடைவெளி வரும்வரை, பான் ஓரத்தில் பிளாக்கையும் கேம் பக்கம் ராடு போல்ட் தலையின் ஓரத்தையும் தேயுங்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், ஒரு சுற்றில் கேம் பாதிதான் திரும்பும்.

கேட்டவர்: அப்போ 6 இன்ச் ராடு வீணா?

பதில்: வீணில்லை, சிலிண்டர் சுவரில் பக்க அழுத்தம் குறையும். ஆனால் பிஸ்டன் 1.125-க்குச் சுருங்கி, பிஸ்டன் பின் துளை ஆயில் ரிங் பள்ளத்தையே வெட்டிவிடும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு 5.7 போதும்.