கச்சான் காலத்தில் கேம்பர் வான்: ஏ.சி போடலாமா, வேண்டாமா?

நிலாவெளிப் பயணி:
பழைய டொயோட்டா டொல்பின் வான் ஒன்றை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றி, கட்டில், சின்ன ஃப்ரிட்ஜ், காஸ் அடுப்பு எல்லாம் வைத்துக் கேம்பராக மாற்றியிருக்கிறேன். தென்மேற்கிலிருந்து காய்ந்த கச்சான் காற்று அடிக்கிற ஜூலையில், வவுனியாவிலிருந்து திருகோணமலை நிலாவெளிக்கு வந்து நாலைந்து நாள் தங்க யோசனை. நான், மனைவி, நாலு வயது மகள், 70 தாண்டிய அம்மா. 100 ஏ.எச் (அம்பியர்-அவர்) லெட் அசிட் பற்றரி ஒன்று, கூரையில் 200 வாட்ஸ் சோலர். வானின் நிறம் கடும் நீலம். வவுனியா வெயிலிலேயே மத்தியானம் உள்ளே ஏறுவதும் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் இறங்குவதும் ஒன்றுதான். கூரை ஏ.சி ஒன்று போடட்டுமா? கனடாவில் இருக்கிற அண்ணன், ஏ.சி தேவையில்லை, சுவர் முழுக்கச் சூடு கடத்தாத ரெஜிபோம் பலகை அடித்துவிடு என்கிறார்.

சீனக்குடா:
தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். 12 வோல்டில் 100 ஏ.எச் என்றால் 1200 வாட்-அவர், லெட் அசிட்டைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆக உங்கள் கையில் இருப்பது 600. மிகச் சின்னக் கூரை ஏ.சி கூட 600, 700 வாட்ஸ் இழுக்கும். ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது, பிறகு ஃப்ரிட்ஜும் போய்விடும். அதே பற்றரியில் 25 வாட்ஸ் ஃபேன் ஒன்று விடிய விடிய ஓடும்.

வானைச் சூடாக்குவது காற்றைவிட வெயில்தான். அது தகட்டிலும் கண்ணாடியிலும் படமுன்னரே நிறுத்த வேண்டும், உள்ளே வந்த பிறகு துரத்துவதுதான் செலவு. கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளித் தாள் ஒட்டுகிறார்கள், அதற்குள் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தாயிற்று, பாதிச் சூடு உள்ளேதான் நிற்கும். வெளிப்பக்கம் மூடுங்கள்.

உவர்மலை றைவர்:
சீனக்குடா அண்ணையின் கணக்கு சரி, ஆனால் அவர் மத்தியானத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார். நான் ஹயர் ஓடுகிறவன், ஆட்களை உப்புவெளி, நிலாவெளி, மார்பிள் பீச் என்று கொண்டு திரிகிறேன். இரவு கச்சானும் விழுந்து கடற்காற்றும் நின்றுவிட்டால் ஒரு இலை அசையாது. கதவைத் திறந்தால் நுளம்பு, மூடினால் புழுக்கம், ஃபேன் உள்ளே இருக்கிற வெக்கையையே சுற்றிச் சுற்றித் தரும்.

அம்மாவை யோசியுங்கள். தோலின் சூடே 35 டிகிரி சொச்சம், வெளிக்காற்று 36, 37 என்று போகும்போது ஃபேன் ஊதுவது சூட்டைத்தான், வேர்வை காய்வதால் மட்டும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். வயதானவர்களுக்கு எங்களைப்போல வேர்க்காது. பற்றரியில் ஓட்டச் சொல்லி யார் சொன்னது? உப்புவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், காசு கொடுத்தால் வளவுக்குள் வானை விட்டுப் பிளக் எடுக்க விடக்கூடும். எக்ஸ்ரென்ஷன் வயரை மொத்தமானதாக வாங்கி முழுக்க விரித்துவிடுங்கள், மெல்லிய வயர் சுருளோடு கிடந்தால் சூடேறி உருகிவிடும்.

சீனக்குடா:
வளவுக்குள் விட்டுப் பிளக்கில் ஏ.சி போட்டுப் படுப்பதென்றால் அந்தக் கெஸ்ட் ஹவுஸிலேயே ஓர் அறை எடுக்கலாமே, வானை ஏன் உடைத்துக் கட்டினது?

ஃபேன் உள்ளே சுற்றுவதற்கில்லை. கூரையில் ஓட்டை வெட்டி, வெளியே இழுக்கிற மாதிரிப் பூட்ட வேண்டும். சூடான காற்று மேலேதான் நிற்கும், அதை இழுத்து எறிந்தால் கீழே நிழற்பக்க ஜன்னலால் புதிய காற்று தானாக வரும், அந்த ஜன்னலுக்கு நுளம்பு வலை அடித்தால் போதும். எல்லா ஜன்னலையும் திறந்து வைக்காதீர்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றை மட்டும் திறந்தால் காற்று உங்கள் மேல்பட்டுப் போகும்.

பாலையூற்று:
இரண்டு பேரும் சண்டை பிடிக்க முதல் ஒன்று சொல்லட்டும். கச்சான் என்பது மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிற காற்று. காய்ந்த காற்று என்பதால் தண்ணீரை ஆவலாய்க் குடிக்கும். சாக்கை நனைத்துக் காற்று வருகிற ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் பகலில் நாலைந்து டிகிரி குறைந்ததைக் கையை நீட்டியே உணரலாம். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதனால்தானே. கடல் தண்ணீரில் மட்டும் நனைக்க வேண்டாம், உப்புப் படிந்து ஜன்னல் விளிம்பு துருப்பிடிக்கும்.

ஆனால் இரவில் இது வேலை செய்யாது. கடற்கரையில் பொழுது பட்டதும் ஈரம் ஏறிவிடும், அப்போது ஈரச் சாக்கு தொங்கினால் புழுக்கம்தான் கூடும். மாலையில் கழற்றிவிடுங்கள்.

உவர்மலை றைவர்:
அக்கா, மான் திரிகிற திருகோணமலைக் கோட்டைப் பக்கம் நிறுத்தினால் அந்தச் சாக்கை மான் வந்து இழுத்துக்கொண்டு போகும் :)
சரி, பகல் விஷயத்தை விடுவோம். இரவுக்கு உங்கள் இருவரிடமும் பதில் இல்லை என்பதைக் கவனித்தேன். இன்னொன்று, வெயிலுக்குப் பயந்து மர நிழலில் விட்டால், கூரையில் இருக்கிற சோலர் என்ன செய்யும்? வெயிலில் நின்றால் 200 வாட்ஸ் பனல் நாளுக்கு 800 வாட்-அவர் வரையில் தரும், மரத்தடியில் அதில் கால்வாசி வந்தால் அதிர்ஷ்டம்.

மூதூர்ப் பெடியன்:
ஏன் இவ்வளவு பாடு. எஞ்சினை ஸ்டார்ட்டில் விட்டு வானில் இருக்கிற ஏ.சியையே போட்டுப் படுங்கள். ஒரு இரவுக்கு எவ்வளவு டீசல் போய்விடும்?

சீனக்குடா:
தம்பி, அதைச் செய்யவே கூடாது. நிற்கிற வண்டியின் புகை கீழே தேங்கித் தகட்டு ஓட்டைகளால் உள்ளே வரும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையில் இருக்கிறவனுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். அதிலும் சின்னப் பிள்ளையும் வயதானவரும்.

உவர்மலை றைவர்:
இதில் நானும் சீனக்குடா பக்கம்தான். ஜெனரேற்றரும் அப்படித்தான், ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். அதோடு, கடைக்குப் போய் வருகிறேன் என்று மகளை மூடிய வானில் விட்டுப் போகவும் வேண்டாம், பத்து நிமிடத்திலேயே உள்ளே 10 டிகிரி வரை ஏறிவிடும்.

நிலாவெளிப் பயணி:
எல்லாருக்கும் நன்றி. நிறுத்துகிற விதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அண்ணனின் ரெஜிபோமுக்கும் பதில் வேண்டும்.

சீனக்குடா:
நிலாவெளியில் கடல் கிழக்கே. வானின் முகத்தை மேற்கே வைத்துப் பின்பக்கத்தைக் கடலுக்குக் காட்டுங்கள். டொல்பினின் தள்ளுகதவு இடப்பக்கம், முகம் மேற்கே இருந்தால் அது தெற்கே வரும். ஜூலையில் உச்சிச் சூரியன் எங்களுக்குச் சற்று வடக்கே நிற்பதால் அந்தக் கதவில் வெயில் விழாது, காலையில் அடிக்கிற கச்சானும் தென்மேற்கிலிருந்து நேரே உள்ளே வரும். பின்னேரம் கடற்காற்று திரும்பும்போது பின்கதவைத் தூக்கிவிடுங்கள், அது அப்படியே கட்டிலுக்கு மேலால் போகும். மேற்கு வெயில் முழுக்க முன்கண்ணாடியில் விழும், அதற்குத் தறப்பாளை வெளியே போட்டு இரண்டு முன்கதவுகளுக்குள்ளும் ஓரத்தைச் செருகி மூடினால் காற்றுக்கும் பறக்காது.

தென்னைக்குக் கீழே மட்டும் விடாதீர்கள், தேங்காய் விழுந்தால் முன்கண்ணாடிக்கு எத்தனை ஆயிரம் என்று கேட்டுப் பாருங்கள். வேம்பு, பூவரசு நல்லது. சோலர் கேள்விக்கும் பதில் இருக்கிறது, கூரையில் நிரந்தரமாகப் பூட்டாமல் நீண்ட வயரோடு கழற்றி மணலில் வெயிலில் சாய்த்து வையுங்கள். மரமில்லாத இடமென்றால் கூரையிலேயே இருக்கட்டும், ஆனால் தகட்டோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள், பனலே இரண்டாவது கூரையாகிவிடும். பழைய லான்ட் ரோவர்களில் வெப்பநாடுகளுக்கென்று இரட்டைக் கூரை போட்டது இதே யோசனையில்தான்.

உவர்மலை றைவர்:
மணலில் சாய்த்து வைத்த பனல் காலையில் அங்கேயே இருக்குமா என்பது வேறு கதை.
ரெஜிபோம் விஷயத்தில் அண்ணன் கனடாக் கண்ணால் பார்க்கிறார். அங்கே ஹீற்றர் சூட்டை உள்ளே பிடித்து வைக்க அது வேண்டும். இங்கே ஏ.சி போட்டால் கட்டாயம் அடியுங்கள், இல்லையென்றால் தகட்டைத்தான் குளிர வைப்பீர்கள்.

பாலையூற்று:
ஏ.சி இல்லையென்றால் கூரைக்கு மட்டும் அடித்தால் போதும். சுவர் முழுக்க அடைத்தால் இரவில் நாலு பேரின் உடம்புச் சூடு, ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சூடு எல்லாம் வெளியேற வழியில்லாமல் நிற்கும். அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள், காஸ் எரியும்போது சூட்டோடு நீராவியும் சேர்ந்துதான் வரும். மத்தியானம் யாரும் வானுக்குள் இருக்கவே தேவையில்லை, அம்மாவுக்கு மரத்தடியில் சாய்மனைக் கதிரை, கழுத்தில் ஈரத் துவாய், அடிக்கடி தண்ணீர்.

நிலாவெளிப் பயணி:
முடிவு இதுதான்: கூரைக்கு வெள்ளைப் பெயின்ட், வெளியே இழுக்கிற ஃபேன், தறப்பாள். ஏ.சி வாங்கவில்லை. அம்மாவுக்கு இரவுக்கு மட்டும் உப்புவெளியில் ஓர் அறை எடுக்கிறேன்.

உவர்மலை றைவர்:
அறையில் ஏ.சி இருக்குதா?

நிலாவெளிப் பயணி:
இருக்கிறது அண்ணை.

உவர்மலை றைவர்:
அப்ப நான் சொன்னதுதானே நடக்கிறது, வானில் பூட்டாமல் சுவரில் பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சீனக்குடா:
நான் சொன்ன அறைதானே அது! தம்பி, பெயின்ட்டை விடியவே அடியுங்கள், அதுவும் நிழலில் விட்டு. வெயிலேறிய தகட்டில் அடித்தால் கொப்புளம் போட்டு உரிந்துவிடும்.