டெவன் சுரங்க மேட்டில் எடுத்த பச்சைக் கல்: செம்பா?

மலைப்பாதை:
போன ஞாயிறு இங்கிலாந்து டெவன்ல, டேவிஸ்டாக் ஊர்ப் பக்கம் டேமர் ஆத்தங்கரைக் காட்டுல, டெவன் கிரேட் கன்சால்ஸ் பழைய சுரங்கத்துக்கு நடந்து போனோம். புல் பூண்டு முளைக்காத கழிவு மேட்டுல பையன் ஒரு கல் எடுத்தான். உடைஞ்ச பக்கம் வெள்ளியா மினுங்குது, மேலே வெளிறிய பச்சைப் பூச்சு. செம்புச் சுரங்கம்னாங்களே, இது செம்புக் களிம்பா? வீட்டுல வச்சுக்கலாமா? படம் போட்டிருக்கேன்.

சுரங்கக்கல்:
தங்கச்சி, முதல்ல பையன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்க. கல்லை மூடி போட்ட டப்பாவுல வைங்க. உடைக்காதீங்க, சூடாக்கவே கூடாது.

செம்புப் பச்சைன்னா மலாக்கைட், நிறம் அழுத்தமா இருக்கும். உங்க கல்லுல சாம்பல் கலந்த பச்சை. ஸ்கோரடைட்னுதான் எனக்குத் தோணுது. ஆர்சனோபைரைட் மழையிலும் காத்துலயும் சிதைஞ்சு வர்றது அது. உள்ளே மினுங்குறது அந்த ஆர்சனோபைரைட்தான். இரும்பு, ஆர்சனிக் (கொடிய விஷம்), கந்தகம் சேர்ந்த தாது. எடையில 46 சதவீதம் ஆர்சனிக். சுத்தியலால தட்டினா பூண்டு வாசம் அடிக்கும்.

சுமார் 28 கோடி வருஷம் முன்னாடி கிரானைட் குழம்பு கீழிருந்து ஏறினது. மேலே இருந்த ஸ்லேட் பாறையில (அந்த ஊர்ல ‘கில்லாஸ்’ம்பாங்க) விழுந்த வெடிப்புகள்ல கொதிநீர் புகுந்து தாது படிஞ்சது. 1844ல வேலை ஆரம்பிச்சப்போ எல்லாருக்கும் செம்புதான் கண்ணுல பட்டது. செம்பு குறையக் குறைய, 1860களின் கடைசியில ஆர்சனிக்குக்காக இந்த மினுங்குற கல்லுக்கு மவுசு வந்தது. சூளையில வறுப்பாங்க. புகை வளைஞ்சு வளைஞ்சு போற செங்கல் அறைகள் வழியா ஊர்ந்து ஆறும். சுவரெல்லாம் ஆர்சனிக் வெள்ளைப் பொடியாப் படியும். அதை ஆளுங்க உள்ளே இறங்கிச் சுரண்டினாங்க. மூக்குல பஞ்சு, வாயில துணி, தோல்ல களிமண் பூச்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு. இடிஞ்ச அந்த அறைகள் முன்னாடி நின்னப்போ எனக்குப் பேச்சே வரல.

சித்தமருந்து:
அண்ணா, அந்த வெள்ளைப் பொடி நம்ம வெள்ளைப் பாஷாணம்தானே? மனோசிலை, அரிதாரம் அங்கே கிடைக்குமா?

சுரங்கக்கல்:
ஆமா, அதேதான். மனோசிலையும் அரிதாரமும் ஆர்சனிக்கும் கந்தகமும் மட்டும் சேர்ந்தவை. பெரும்பாலும் சூடு குறைஞ்ச வெந்நீர்ல, எரிமலை ஊற்றுப் பக்கம் படியும். டெவன் கன்சால்ஸ்ல பேர் போனது ஆர்சனோபைரைட்தான்.

மலைப்பாதை:
ரொம்ப நன்றி அண்ணா. கையைக் கழுவியாச்சு, அவன் ஜாக்கெட் பையையும் உதறாம ஈரத்துணியால துடைச்சேன். சனிக்கிழமை கல்லை அந்த மேட்டுலயே வச்சுட்டு வரோம்.