மறு: நாட்காட்டிச் செயலியில் ‘ஃப்ரீ’ என்பதற்கு ‘ஒழிவு’

நண்பர்களுக்கு வணக்கம். நாட்காட்டிச் செயலியைத் தமிழாக்கும்போது, ஒருவருக்கு வேறு வேலை இல்லாத நேரத்தைக் காட்டும் ‘ஃப்ரீ’ என்பதற்கு ‘ஒழிவு’ என்று வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘ஓய்வு’ என்றே வைத்துவிடலாமே ஐயா, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். 3 மணிக்கு நான் ‘ஃப்ரீ’ என்றால் படுத்திருக்கிறேன் என்று பொருளில்லை, அந்த நேரத்தை உங்களுக்குத் தரலாம் என்றுதான் பொருள். ‘ஓய்வு’ என்று காட்டினால் தொந்தரவு வேண்டாமென்று நம்மவர்கள் கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள். ‘காலி’ இடத்துக்கும் சிலிண்டருக்கும் சரி, ஆளோடு சேர்த்தால் பொருள் கெடும். ‘இலவசம்’ வேண்டவே வேண்டாம்.

‘ஒழிவு’ நாம் புதிதாகச் செய்ய வேண்டிய சொல்லே இல்லை. கடலூர், புதுச்சேரி வீடுகளில் “கை ஒழியல, அப்புறம் வரேன்” என்று பேசக் கேட்கலாம். “ஒழிச்சலே இல்ல” என்பதும் அதே வேர்தான். ஆங்கிலத்தில் நேரத்தை வைத்திருக்கிறார்கள், செய்கிறார்கள், கண்டுபிடிக்கிறார்கள். நமக்கோ நேரம் இருக்கும், கிடைக்கும், இல்லாவிட்டால் கை ஒழியும். இந்த வழக்கை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது?

> ‘ஒழிக’ கோஷம் நினைவுக்கு வருகிறது. அமங்கலம் இல்லையா?

வீட்டை ஒழித்துக் கொடுத்தார் என்கிறோம், பாத்திரத்தை ஒழித்துப் போடு என்கிறோம். அதில் யாரும் அமங்கலம் பார்ப்பதில்லை. வடலூர் வள்ளலார் 1851இல் பதிப்பித்த நூலின் பெயரே ‘ஒழிவிலொடுக்கம்’. அங்கே பொருள் வேறுதான். ஆனாலும் சொல்லில் தீட்டு இருந்திருந்தால் ஞான நூலுக்குப் பெயராக நின்றிருக்காது.

அடுத்தது, நமக்கு ஒரு சொல் போதாது. நாட்காட்டிச் செயலிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் தரம் (இணையத் தர ஆவணங்களில் 1998இல் ஆர்எஃப்சி 2445, 2009இல் ஆர்எஃப்சி 5545) நேரத்தின் நிலையை நான்காகப் பிரிக்கிறது: ஃப்ரீ, பிஸி, பிஸி-டென்டேட்டிவ், பிஸி-அன்அவெய்லபிள். கடைசியைத்தான் பலர் பிஸியோடு குழப்புகிறார்கள். புதுச்சேரியில் பல கடைகளை மதியம் சாத்திவிட்டுச் சாயங்காலம்தான் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் கடைக்காரர் அலுவலில் இல்லை, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆனாலும் அதில் நீங்கள் எதையும் குறித்துவைக்க முடியாது. அதனால் ‘ஒழிவு’, ‘அலுவல்’, ‘உறுதியாகாத அலுவல்’, ‘இயலாது’ என்று முன்வைக்கிறேன். கடைசிக்கு ‘அடைப்பு’ என்று ஒருவர் சொன்னார். கடையடைப்புப் போராட்டம்தான் முதலில் மனதில் வரும் என்பதால் அதை எடுக்கவில்லை.

வினைக்குச் சிக்கலே இல்லை. ‘நேரம் ஒதுக்கு’ ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது. வரைவிலுள்ள ‘நேரத்தை உருவாக்கு’ என்ற பொத்தானை உடனே மாற்ற வேண்டும், அப்படி யாரும் பேசுவதில்லை.

‘உறுதியாகாத அலுவல்’ கைபேசித் திரையில் வெட்டுப்படும். பொருள் மாறாமல் இதைவிடச் சின்னதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள். மற்ற மூன்றுக்கும் மறுப்பு இல்லையென்றால் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து