கராத்தே வகுப்பில தேவாரம் வேணுமோ?

வடலி:
சமயம் கலக்காமல் கராத்தே பழக்க வேணும் எண்டு இப்ப யாழ்ப்பாணத்தில ஒரு கதை. எனக்கு ஒத்துவராது. விளக்குக் கொளுத்தி, தேவாரம் பாடித் தொடங்கினால்தான் பிள்ளைக்கு அடக்கம் வரும். சிலம்பத்தில நிலத்தைத் தொட்டுக் கும்பிடாமல் கம்பெடுக்கிறேல்லை. காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோனார் எண்டு சொல்லுற கலையும் தியானத்தோடதான் போனதாம்.

தீவகன்:
அண்ணை, போதிதர்மர் கதைக்கு ஆதாரமாக் காட்டுற 'யிஜின் ஜிங்' எண்ட சீனப் புத்தகம் 1624 அளவில எழுதினது. அவரின்ர காலத்துக்கு ஆயிரம் வருசம் பிந்தினது. ஜூடோவைப் பாருங்கோ. கானோ ஜிகோரோ 1882 இல தோக்கியோவில எய்ஷோஜி எண்ட புத்த கோயிலில, 12 பாய் விரிச்ச இடத்தில தொடங்கினார். இடம் கோயில், ஆனா அவர் ஜூடோவைச் சமயமாக்கேல்லை. குனியிறது எதிராளிக்குக் குடுக்கிற மரியாதை. எங்கட வகுப்பில சைவம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூண்டு சமயப் பிள்ளையளும் நிக்குது. தேவாரம் முடியுமட்டும் ரெண்டு பேர் வாசலில நிண்டால், பிறகு சோடி சேர்த்துப் பழக்கேக்க அந்த விலகல் தெரியும்.

வடலி:
அப்ப மொக்குசோ? அதுவும் ஜப்பான்காரரின்ர தியானம்தானே. அதை மட்டும் ஏன் வைச்சிருக்கிறியள்?

தீவகன்:
அதில எந்தத் தெய்வத்தின்ர பேரும் இல்லை. முழங்காலில இருந்து, கண்ணை மூடி, மூச்சை மூக்கால இழுத்து மெதுவா விடுறது. சின்னப்பிள்ளையளுக்கு ஒரு நிமிசம் காணும். கனநேரம் இருத்தினால் கால் விறைக்கும், உடன எழுப்பி உதைக்கவிட்டால் கணுக்கால் பிரளும். கடும் பயிற்சி முடிஞ்ச கையோட மூச்சை அடக்கச் சொல்லவும் கூடாது, தலை சுத்தும்.

கீரிமலை அக்கா:
தேவாரத்தை விட விரதத்தைக் கவனியுங்கோ. கந்தசட்டி ஆறு நாளும் சாப்பிடாமல் வாற பிள்ளையும், நோன்பு பிடிக்கிற பிள்ளையும் ஒண்டுதான். அந்த நாளில குமித்தே, அதுதான் சோடியாச் சண்டை பழகிறது, வேண்டாம். தனிய நிண்டு அடவு செய்யிற காத்தா மட்டும், மெதுவா, நிழலில. களைச்சுத் தலை சுத்தினால் உடன இருத்தி, தண்ணி குடுங்கோ. வேர்வை நிண்டு தோல் சூடாக் காய்ஞ்சால் அது ஆபத்து, உடம்பை நனைச்சுக் குளிராக்கி, உடன ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கோ. விரதம் எண்டு பாக்கக்கூடாது. கைக்காப்பு நூல், சிலுவைச் சங்கிலி, தாயத்து எல்லாம் பிடியில மாட்டி விரலை இழுக்கும். கழட்டேலாட்டி பிளாஸ்ரர் சுத்துங்கோ. விளக்கெண்டால் மூலையில வையுங்கோ; சீமெந்து நிலத்தில ஒரு சொட்டு எண்ணெய் காணும், வெறுங்கால் வழுக்க.

வடலி:
அக்கா சொல்லுறது சரி. தேவாரத்தை வகுப்புக்குப் பத்து நிமிசம் முன்னுக்குத் தள்ளலாம், விரும்பின பிள்ளை வரட்டும். ஆனா சிலம்பத்தில கம்பெடுக்க முதல் நிலத்தைத் தொட்டுக் கும்பிடுறதை விடேலாது.

தீவகன்:
கும்பிடட்டும் அண்ணை. கும்பிடாத பிள்ளைக்கும் அதே கம்பைக் குடுக்கோணும்.