மாமர நிழலில் ஹெலெபோர் வளருமா?

கல்லடி வளவு:

எங்கள் வளவு மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில். முற்றத்தின் தெற்குப் பக்கத்தை ஒரே மாமரம் மூடி நிற்கிறது. 1978 நவம்பர் சூறாவளியில் பழைய மரம் வேரோடு சாய்ந்த பிறகு அப்பா நட்ட கன்று அது. 2004இல் கடல் வளவுக்குள் வந்தது. வேலி போனது, கிணறு உப்பானது, மரம் நின்றது. ஆகவே மரத்தைத் தறித்து வெயில் விடச் சொல்லி யாரும் எழுத வேண்டாம். அந்த நிழலுக்குத்தான் எனக்கு ஒரு பூ வேண்டும்.

எந்தப் பூ என்பதையும் அம்மா தீர்மானித்துவிட்டார். அவருக்கு வயது 81. மூன்று வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் அக்கா வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்துவிட்டு வந்தார். கண்ட ஊர்களையெல்லாம் மறந்துவிட்டார், ஒரு பூவை மட்டும் மறக்கவில்லை. ஜனவரியில், மரமெல்லாம் வெறும் குச்சியாக நிற்கும்போது, வீட்டின் பின்பக்க நிழலில் அது பூத்து நின்றதாம். "தலையைக் குனிந்துகொண்டே நிற்கும். குந்தியிருந்து நாடியைப் பிடித்துத் தூக்கினால்தான் முகம் தெரியும். நான் வெளிக்கிட்ட நாள் வரைக்கும் ஒரு இதழ் உதிரவில்லை." இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பெயர் ஹெலெபோர் என்று அக்கா எழுதினார். போன மாதம் அவருடைய மகள் வந்தபோது காகித உறையில் விதை கொண்டுவந்து தந்தாள். மிளகைவிடச் சிறியது, கறுப்பு, நாற்பது விதை இருக்கும். மாரி தொடங்கிவிட்டது. இப்போது போடலாமா? குளிர் வேண்டும் என்றால் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து எடுத்தால் போதுமா?

இன்னொன்று. மாமா பழைய தமிழ் அகராதி ஒன்றைப் புரட்டி, கடுகுரோகிணிக்கு ஹெலெபோர் என்று பொருள் போட்டிருப்பதைக் காட்டினார். அப்படியானால் வேர் மருந்துக்கும் உதவும் என்கிறார். உண்மையா?

ஷெஃபீல்ட் தோட்டம்:

அக்கா, நான் களுவாஞ்சிகுடியில் பிறந்தவன். பன்னிரண்டு வருடங்களாக இங்கே ஒரு அப்பிள் மரத்தின் கீழ் ஹெலெபோர் வைத்திருக்கிறேன். உங்கள் அம்மா சொன்னதைக் கேட்டதுமே எந்தச் செடி என்று விளங்கிவிட்டது. கிறிஸ்மஸ் ரோஸ் என்கிற வெள்ளை இனம் இவ்வளவு தலை குனியாது, முகத்தைக் கொஞ்சம் காட்டும். நாடியைப் பிடித்துத் தூக்க வேண்டியது தவக்கால ரோஸ், அதன் கலப்பினங்கள்.

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், கல்லடியில் அது பூக்காது. காரணம் சொல்லாமல் போனால் நீங்கள் விதையை மண்ணில் போட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இந்த விதை வைகாசி, ஆனி அளவில் முற்றி விழும். ஈரம் காயாமல் அப்போதே மண்ணுக்குள் போக வேண்டும். முதலில் சில மாதம் சூடு, பிறகு சில வாரம் நல்ல குளிர், இரண்டும் அந்த வரிசையில் கிடைத்தால்தான் கண் விழிக்கும். உறையில் காய்ந்த விதை ஆழமாக உறங்கிவிடும். நனைத்து, சூட்டில் வைத்து, பிறகு குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, நாற்பதில் நாலைந்து முளைக்கலாம். முளைத்தாலும் பூவுக்கு மூன்று வருடம் செல்லும், அந்த ஒவ்வொரு வருடமும் குளிர்காலம் வேண்டும். மட்டக்களப்பில் டிசம்பர் இரவிலும் வெப்பநிலை 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. செடியைப் பெட்டிக்குள் வளர்க்க முடியாது. மாரி வெள்ளம் மண்ணில் நின்றால் கிழங்கும் அழுகும்.

நிழல் விஷயத்தையும் சொல்ல வேண்டும். என் அப்பிள் மரம் ஐப்பசியில் இலை கொட்டிவிடும். ஹெலெபோர் பூக்கும் தையிலும் மாசியிலும் மேலே கூரையே இல்லை, இருக்கிற வெளிச்சம் முழுவதும் தரைக்கு வரும். கோடையில்தான் அதற்கு நிழல். உங்கள் மாமரமோ வருடம் முழுவதும் குடை பிடிக்கிற மரம். நிழல் என்று ஒரே சொல்லால் சொல்கிறோம், இரண்டும் வேறு வேறு.

உதிராததற்கும் காரணம் இருக்கிறது. அம்மா கண்டவை இதழ்களே அல்ல, புல்லிகள், அதாவது மொட்டை மூடி நிற்கும் வெளி மடல்கள். உண்மையான இதழ்கள் சுருங்கி, நடுவில் வட்டமாகச் சின்னச் சின்னத் தேன்குழாய்களாக நிற்கும். தூக்கிப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். புல்லி என்றபடியால் விதை முற்றும் வரை விழாது, நிறம் மட்டும் மெல்லப் பச்சையாகும்.

விதைகளை விதைக்காதீர்கள். இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிநாட்டு விதைக்கு முன்அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பிள்ளை தெரியாமல் கொண்டுவந்துவிட்டாள். அடுத்த முறை கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று நாற்றுமேடை:

தங்கச்சி, முதலில் மாமாவின் கையிலிருந்து அந்த உறையை வாங்கி வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

என் வாப்பா நாட்டு வைத்தியர். கடுகுரோகிணி இமயமலை உயரத்தில் விளையும் கசப்பு வேர், அது வேறு குடும்பத்துச் செடி. பழைய அகராதிக்காரர்கள் கறுப்பு வேரைக் கண்டு, தாங்கள் அறிந்த ஐரோப்பியச் செடியின் பெயரை எழுதிவிட்டார்கள். ஹெலெபோர் வேர் முதல் விதை வரை நஞ்சு. வாந்தி, வயிற்றோட்டம், அதற்கு மேல் இதயத் துடிப்பையே குழப்பும். நம் வேலியில் நிற்கும் கார்த்திகைக் கிழங்கை எப்படி வைத்துப் பார்ப்போமோ, அப்படிப் பார்க்க வேண்டிய செடி. அகராதியை நம்பி எவரும் கஷாயம் வைத்துவிடக் கூடாது.

இனி நிழலுக்கு வருவோம். ஷெஃபீல்ட் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தூரியம்தான் நினைவுக்கு வந்தது. அதிலும் நாம் பூ என்று பார்ப்பது இதழ் அல்ல, நிறம் மாறிய ஒரு மடல். நடுவில் நிற்கும் திரியில்தான் உண்மையான பூக்கள் ஒட்டியிருக்கும். மடல் என்பதால் வாரக்கணக்கில் வாடாது. வெள்ளை நிறத்தில் வாங்குங்கள். வருடம் முழுவதும் குடை பிடிக்கும் மரம்தான் அதற்கு வேண்டும்.

மாமரத்தின் கீழ் மண்ணைக் கொத்தாதீர்கள், உணவு எடுக்கும் வேர் மேல்மண்ணில்தான் ஓடும். அடிமரத்தில் மண்ணைக் குவிக்கவும் வேண்டாம், பட்டை அழுகும். பூச்சாடியில் வையுங்கள். அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒரு கை, அதற்கு மேல் பாக்களவுக்கு வெட்டிய தேங்காய்ப் பொச்சுத் துண்டுகள். பொச்சை ஒரு கிழமை தண்ணீரில் ஊறப்போட்டு, சாயத் தண்ணீரை மூன்று நாலு தடவை மாற்றுங்கள். கன்றை ஆழமாகப் புதைக்கக் கூடாது, குருத்து வெளியே நிற்க வேண்டும். தண்டு நீண்டு பக்கவேர் விடும்போது பொச்சை உயர்த்திக் கொடுங்கள். சாறு தோலில் பட்டால் கடிக்கும், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரையம்பதி வாசகி:

அந்தூரியத்தை நானும் வைத்துப் பார்த்தேன், இரண்டு வருடத்தில் மூன்று சாடி கருகிப் போனது. பிழை கிணற்றுத் தண்ணீரில்தான். எங்கள் கரையில் ஆவணி, புரட்டாதியில் கிணறு சவர் ஏறிவிடும். இலை ஓரம் முதலில் மண்ணிறமாகும், பிறகு உள்ளே வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இலை இன்னும் வேகமாகக் காயும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து அதையே ஊற்றுகிறவர்களுக்குத்தான் நன்றாக வருகிறது.

அதற்கு வசதி இல்லையென்றால் அடுக்கு நந்தியாவட்டையை வையுங்கள். நிழலில் பூ கொஞ்சம் குறையும், நிற்காது. இரவில் வாசம் வேறு. பென்சில் தடிப்பில் கொப்பு வெட்டி இந்த மழையில் ஊன்றினால் வேர் பிடிக்கும்.

கல்லடி வளவு:

எல்லோருக்கும் நன்றி. தேன்குழாயைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "ஓம், நடுவில் பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் குழல்கள், மூக்குத்தி மாதிரி வட்டமாக" என்று உடனே சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் பார்த்ததை அப்படியே வைத்திருக்கிறார். பூக்காது என்பதை நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மரம் இலை கொட்டும் கதையைச் சொன்னதும் மேலே மாமரத்தைப் பார்த்தார், பிறகு, "இது கொட்டாதுதானே" என்றார்.

உறையை அடுப்பில் போட்டுவிட்டேன். மாமாவிடம் வைத்தியர் வீட்டுப் பிள்ளை எழுதியதை வாசித்துக் காட்டினேன், அகராதியில் அந்த இடத்தில் பென்சிலால் "நஞ்சு" என்று எழுதி வைத்துவிட்டார்.

பீப்பாய் இருக்கிறது, பீலியும் இருக்கிறது. வெள்ளை அந்தூரியம் இரண்டு சாடி வாங்கப் போகிறேன், பொச்சு இப்போதே ஊறுகிறது. கிணற்றடியில் நந்தியாவட்டைக் கொப்பு ஆறு ஊன்றிவிட்டேன். ஷெஃபீல்ட் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். தையில் உங்கள் செடி பூக்கும்போது ஒரு பூவை அடியிலிருந்து, முகம் முழுவதும் தெரியும்படி படம் பிடித்துப் போடுவீர்களா? அம்மாவுக்குக் குனிந்து பார்க்க இப்போது முழங்கால் விடாது.

ஷெஃபீல்ட் தோட்டம்:

போடுகிறேன் அக்கா. நாங்கள் அதைக் காம்பில்லாமல் கொய்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் மல்லாத்தி மிதக்க விடுவோம். அப்போது முழு முகமும் தெரியும். அப்படியே பிடித்து அனுப்புகிறேன்.